அண்ணி குளத்தில் விட்ட செடி

வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். நன்றாக விடியவில்லை. பக்கத்து வீட்டுச் சந்தில் அண்ணி போவது தெரிந்தது. தலையில் அன்னக்கூடை. கூடையின் மேல் பழைய புடவைத் துண்டைப் போட்டு மூடியிருந்தாள்.

முன்வாசல் இருக்கும்போது சந்து வழியாகப் போகிறவர்களை நான் சும்மா விட்டதில்லை. வாளியை அப்படியே வைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தேன்.

என் சந்தேகமெல்லாம் முறுக்கின் மேல். முந்தின நாள்தான் ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து முறுக்கு சுட்டிருந்தோம். அண்ணியின் மகள் நாலு தெரு தள்ளி இருக்கிறாள். கூடையைத் தாங்கிய கையையும் அவள் போன வேகத்தையும் பார்த்தால் முறுக்கு போகும் நடையாகத்தான் தெரிந்தது. கையோடு பிடித்துவிட்டால் அடுத்த பொங்கல் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம்.

ஆனால் அவள் மகள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கோயிலைத் தாண்டிக் குளக்கரை ஏறினாள். கடைசிப் படியில் உட்கார்ந்து துணியை எடுத்தாள். உள்ளே பச்சைப்பசேலென்று செடி. கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து மஞ்சள் நூலால் கட்டியிருந்தது. ஒவ்வொரு கட்டாகத் தண்ணீரில் விட்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கட்டுகள் ஆடி ஆடி நடுக்குளத்துக்குப் போயின, மறுவீடு போகிற பெண்கள் மாதிரி.

முறுக்காகவே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பேரில்லாத அண்ணி

அண்ணி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டுக்காரர் போன பிறகு ராத்திரிச் சாப்பாடு மட்டும் எங்களோடு. அவளுக்கு நல்ல பேர் ஒன்று உண்டு. வாராவாரம் பத்திரிகையில் வரும் இந்தப் பக்கத்தில், இந்த வாரம் மட்டும் அதை எழுத மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மருமகள் கவிதா. அதனால் கவிதாவைப் பற்றி நல்லதாக ஏதாவது வந்தால் நீங்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இன்றைக்குச் சொல்லப்போகும் விஷயத்தை நான் கவிதாவிடம் இதுவரை சொன்னதில்லை. இப்போதுதான் அவளும் கேட்கிறாள். பேனா கையில் இருக்கும்போது எழுந்து சண்டைக்குப் போக முடியாது என்கிற தைரியம்தான்.

குழாயடி அம்மன்

எங்கள் ஊர் பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அம்மன் கோயிலை ஒட்டிக் குளம். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது கரகம் ஜோடிப்பது அந்தக் குளக்கரையில்தான். குளத்துத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு, வேப்பிலை சொருகி, பூச்சுற்றி, பம்பை அடித்துக்கொண்டு கோயிலுக்கு எடுத்து வருவார்கள்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம் அண்ணிதான் என்னைக் குளத்துக்குக் கூட்டிப் போனாள். புதுப்பெண் குடம் மொள்ள வேண்டும் என்று எல்லாரும் நிற்கிறார்கள். பட்டுப் புடவை. படியெல்லாம் பாசி. நான் குனிந்ததுதான் தெரியும். அடுத்த நொடி கழுத்தளவு தண்ணீரில் இருந்தேன். அண்ணி என் சடையைப் பிடித்துத் தூக்கினாள். நான் அழுததைப் பார்த்து, "அம்மனே ஒன்ன தலைக்கு ஊத்தி வூட்டுக்குள்ள சேத்துக்கினா, அழுவாத" என்றாள். மூக்கில் தண்ணீர் ஏறிய அந்த எரிச்சலும், ஈரப்பட்டில் இருந்து வந்த அந்தச் சாய வாசனையும் இன்னும் எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவளோடு சண்டை வந்தால் முதலில் அந்தச் சடையைத்தான் இழுப்பேன், வாய்ப்பேச்சில்.

அப்படி இருந்த குளத்தில் ஒரு காலத்தில் ஆகாயத்தாமரை வந்து சேர்ந்தது. சில ஊரில் வெங்காயத்தாமரை என்பார்கள். மிதக்கிற செடி. ரோட்டோரக் கால்வாயில் வந்ததோ, யாராவது கொண்டுவந்து போட்டதோ, தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மறைந்துவிட்டது. மேலே ஆளுயரப் பச்சை, கீழே கருப்புத் தண்ணீர், நடுவில் கொசு. ஆடு ஒன்று தரை என்று நினைத்து மேலே நடந்து உள்ளே போனது.

அதற்குப் பிறகு கரகத்துக்குத் தண்ணீர் குழாயடியில். எங்கள் அம்மன் மட்டும்தான் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நின்று கிளம்புகிற அம்மன். அண்ணிக்கு அது பெரிய குறை. கோயிலுக்குப் பூக் கட்டுகிறவள் அவள்தான். நாரில் கட்ட மாட்டாள். நூலில் மஞ்சள் தடவிக் காயவைத்துத்தான் கட்டுவாள். "நான் கண்ண மூடுறதுக்குள்ள அந்தக் கொளத்துல இருந்து ஒரு கரகம் பாக்கணும்" என்று பூக் கட்டும்போதெல்லாம் சொல்லுவாள்.

அந்தக் குறையைத் தீர்த்தது கவிதா. ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர் அவள். கம்பெனி பஸ்ஸில் கூட வருகிற பெண்களையும் ஊர்ப் பையன்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு கோடைகாலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்தை வாரினாள். மழை வந்தது. குளம் நிறைந்தது. வானம் உள்ளே தெரிந்தது. வருகிற ஆடியில் கரகம் குளத்திலிருந்து என்று ஊரில் முடிவாயிற்று.

அந்தக் குளத்தில்தான் அண்ணி அன்னக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

படியில் நடந்த பஞ்சாயத்து

"இன்னா அண்ணி, மீனுக்கு டிபனா?"

அவள் திடுக்கிட்டதில் கூடை உருண்டது.

"ஏய், நீ எங்கடி வந்த? வாச தெளிக்கிறவ தெளிச்சிக்கினு இருக்க வேண்டியதுதான?"

"வாச எங்கயும் ஓடிப் போவாது. இது இன்னா?"

"பூச்செடி. காவேரிப்பாக்கத்துல வளகாப்புக்குப் போனப்ப ஒண்ணு எடுத்தாந்தேன். கால்வாயில ஊதாவா பூத்திருந்துச்சு. கொல்லத் தொட்டில போட்டேன். இப்ப ஜாஸ்தியாயி தொட்டில எடமே இல்ல."

"ஜாஸ்தியானா கொளத்துல விடுவியா?"

"பின்ன குப்பைலயா போடுவாங்க? தெனம் இதுல பூத்த பூவ சாமி படத்துக்கு வெச்சேன். சாமிக்குக் குடுத்த செடி. நாலு பேரு கால் வெக்கிற எடத்துல போட்டா எனக்குதான் பாவம். தண்ணில விட்டா ஒரு கொறையும் இல்ல."

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள். சாமிக்கு வைத்த பூ, கலசத்து மாவிலை, கிழிந்த சாமி படம், எதுவானாலும் கால் படாத இடத்தில் சேர்க்க வேண்டும். கால் படாத இடம் என்றால் தண்ணீர். நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் மாவிலை குட்டி போடாது.

"பூவ விடு அண்ணி, அழுவிப் பூடும். வேரோட விட்டா இங்கயே குடித்தனம் பண்ணும். கவிதா வாரிப் போட்டாளே, அதே செடிதான் இது."

"போடி. அது ஆள் ஒசரம், எருமக் காது மாதிரி எல. இது பாரு, பச்சப் புள்ள மாதிரி குண்டு குண்டா இருக்குது."

"நீயும் நானும் பச்சப் புள்ளைங்களாதான் இருந்தோம். இப்ப பாத்தா யாருனா நம்புவாங்களா?"

அவள் சிரிக்கவில்லை. நான் அந்தச் செடியின் காம்பைக் கிள்ளி எடுத்துப் படியில் வைத்து மிதித்தேன். பட்டென்று வெடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வேறு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அண்ணியைப் படியிலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறேன். அவள் எங்கும் போக மாட்டாள்.

பட்டென்று வெடிக்கும் காம்பு

நான் பிறந்தது ஆம்பூர்ப் பக்கம். அப்பாவுக்குத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், சுண்ணாம்புக் குழியில் வேலை. சாயந்திரம் அவர் வருவது தெருமுனையிலேயே தெரியும். முதலில் வாசனை வரும், அப்புறம் அப்பா வருவார். ஈரத் தோல், உப்பு, சுண்ணாம்பு எல்லாம் கலந்த வாசனை. அம்மா மூக்கைச் சுளிப்பாள். நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வேன். மற்ற பிள்ளைகளின் அப்பாக்களுக்கும் அதே வாசனைதான். எனக்கு என்னமோ எங்கள் அப்பா வாசனை தனியாகத் தெரியும்.

ஷாப்புக்குப் பின்னால் ஒரு பள்ளம். குழித் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். அந்தப் பள்ளம் முழுக்க ஆகாயத்தாமரை. ஓரத்தில் தனியாக மிதக்கிற செடிக்குக் காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும். பறித்து மிதித்தால் வெடிக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் எங்களுக்கு அதுதான் தீபாவளி. நடுவில் நெருக்கிக்கொண்டு வளர்ந்த செடியோ உப்பலே இல்லாமல் நெட்டையாகப் போய்விடும், வெடிக்காது. ரெண்டும் ஒரே செடி என்று எங்களுக்குக் காலால் தெரியும்.

எங்கள் அம்மாவுக்கு ஒரு எருமை இருந்தது. கோடையில் புல் கிடைக்காமல் அம்மா அந்தப் பள்ளத்துச் செடியை அறுத்துவந்து போட்டாள். எருமை தின்றது. கொஞ்ச நாளில் கழிய ஆரம்பித்தது. பால் கம்மியானது, கறந்த பாலிலும் ஒரு நாற்றம். அப்பா வந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்தப் பள்ளத்துத் தண்ணிய நீ குடிப்பியா?"

"அத எவ குடிப்பா?"

"அந்தச் செடி பொறந்ததுல இருந்து அததான் குடிக்குது. அத புடுங்கி மாட்டு வாயில வெக்கிறியே."

அம்மா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அரிவாளோடு போகவில்லை. எருமை தேறியது, ஆனால் பச்சையாக எதைக் காட்டினாலும் ஒரு தடவை என் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும்.

களி சிக்கிய கதை

படிக்குத் திரும்புகிறேன்.

"எத்தினி கூடை விட்ட?" என்று கேட்டேன்.

"இன்னிக்குதான்."

"அண்ணி."

"சரி, போன மாசம் ஒண்ணு. அதுக்கு முன்ன ஒண்ணு."

எதிர்க்கரையில் நாவல் மரத்து நிழலைக் காட்டினேன். பாய் விரித்தது போலப் பச்சை படர்ந்திருந்தது. அதற்கு நடுவில் ஊதாப் பூ, இதழில் மயில் கண் மாதிரி மஞ்சள் பொட்டு. அழகுதான். அழகாக இல்லையென்றால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொண்டுவந்திருப்பாளா?

அண்ணி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஏண்டி, கரகம்?" என்றாள்.

"இப்டியே வுட்டா ஆடிக்குள்ள கொளம் மூடிக்கும். மறுபடி குழாயடிதான்."

புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அப்படியே இறங்கப் போனாள். நான் பிடித்து உட்காரவைத்தேன். பரந்து கிடக்கிற செடியை ரெண்டு கிழவிகள் எடுத்துத் தீராது. கவிதாவும் அவள் கூட்டமும் வேண்டும். ஆனால் விட்டது யார் என்று தெரிந்தால் அண்ணி கோயிலில் பூக் கட்ட உட்கார மாட்டாள். வீட்டை விட்டே வெளியே வர மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

"நான் பாத்துக்கறேன். நீ வாய மூடிக்கினு இரு. அது ஒண்ணுதான் ஒனக்குக் கஷ்டம்" என்றேன்.

அன்று ராத்திரி கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். நான் பாட்டுக்கு, "கொளத்துல நாவ மரத்தாண்ட பச்சையா இன்னாவோ தெரியுது" என்றேன். கவிதா செல்போன் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஆகாயத்தாமரதான் அத்த. நாம ஒண்ணு வுடாமதான எடுத்தோம்? யாரோ வூட்டுல அழகுக்கு வளத்து, ஜாஸ்தியானதும் இங்க கொண்டாந்து வுட்டிருக்காங்க. அவங்க மட்டும் என் கைல மாட்டட்டும்..."

அண்ணிக்குக் களி தொண்டையில் நின்றுவிட்டது. முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

"பெரியத்த, மெதுவா" என்றாள் கவிதா. "ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூப்புடறேன். பூ காயாயி வெத கொட்டறதுக்குள்ள எடுத்துடணும்."

"நானும் எறங்குறேன்" என்றாள் அண்ணி.

"ஒங்க முட்டிக்கா?"

"அம்மனுக்குச் செய்யிற வேல. முட்டி இன்னா முட்டி!"

ஊரெல்லாம் இந்த வயதில் இப்படி ஒரு மனசா என்று அண்ணியைப் புகழ்ந்தார்கள். அவள் தலை நிமிரவே இல்லை. அதையும் அடக்கம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

கவிதா முதலில் கலங்கலில், அதாவது குளம் நிரம்பி வழிகிற வாயில், மீன்வலையைக் கட்டச் சொன்னாள். ஒரு துண்டு தப்பி வெளியே போனாலும் கீழ் ஊர் ஏரிக்குப் போய்விடும். பிறகு வைக்கோலைத் தடியாகப் பிரி முறுக்கி, குளத்தின் குறுக்கே மிதக்கவிட்டு ரெண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தார்கள். செடியெல்லாம் மந்தை மாதிரி ஒரே மூலைக்கு நகர்ந்தது. அதற்கப்புறம் கைதான். வேர் அறாமல், தாயோடு ஒட்டியிருக்கிற குட்டியோடு சேர்த்துத் தூக்க வேண்டும்.

பெண்கள் கம்பெனியில் நிற்கிற மாதிரியே லைனாக நின்றார்கள். ஒருத்தி எடுக்க, அடுத்தவள் வாங்க, அதற்கடுத்தவள் கூடையில் போட. கவிதா கடைசியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "தோ, அங்க ஒண்ணு வுட்டுட்டீங்க, ரிஜெக்ட், ரிஜெக்ட்" என்று கத்தினாள். அண்ணி இடுப்பளவு தண்ணீரில். படிக்கு வா என்றாலும் வரவில்லை. நகம் அளவு இலையைக்கூட விடாமல் முறத்தில் அரித்து எடுத்தாள்.

எனக்கு வேறு வேலை இருந்தது. மஞ்சள் நூல். ஊரில் அந்த நூலைப் பார்த்தால் யார் கட்டியது என்று குழந்தை கூடச் சொல்லும். கூடையில் விழுகிற ஒவ்வொரு கட்டிலும் நூலை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டே இருந்தேன். "இன்னா ஆயா, இடுப்ப சொறிஞ்சிக்கினே இருக்கற?" என்று ஒருத்தி கேட்டாள். "பூச்சி கடிக்குது" என்றேன்.

குவியல் ஏறியது. அடுத்த கேள்வி, இதை எங்கே கொண்டுபோவது.

ஒரு பையன், "டிராக்டர்ல ஏத்தி பாலாத்துல கொட்டிட்டா இன்னாக்கா?" என்றான்.

"ஆத்துல தண்ணி வர்ற அன்னிக்கு இது ஊர் ஊரா போயி எறங்கும். நம்ம பேஜார அவங்களுக்குப் பார்சல் கட்டி அனுப்புறியா?" என்றாள் கவிதா.

ஒருத்தி, "பூ அழகா இருக்குதே, ஒண்ணே ஒண்ணு வாளில போட்டுக்கறேனே" என்று கேட்டாள்.

"ஒண்ணு கூட கெடையாது. இதுவும் இப்டி ஒண்ணே ஒண்ணுலதான் ஆரம்பிச்சிருக்கும்."

அண்ணி வானத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மேகம் இல்லை.

மாடு வைத்திருப்பவர் ஒருவர், மாட்டுக்குப் போடலாமே என்றார். நான் எருமைக் கதையைச் சொன்னேன். இங்கே தோல் தண்ணீர் இல்லைதான். ஆனாலும் ரோட்டுக் கால்வாய்த் தண்ணீர் வருகிறது, லாரி கழுவுகிற தண்ணீரும் அதில்தான் சேருகிறது. அது எதைக் குடித்ததோ யாருக்குத் தெரியும்? மாட்டுக்கும் வேண்டாம், கத்தரிக்காய்த் தோட்டத்து எருவுக்கும் வேண்டாம் என்று முடிவானது. கரையை விட்டுத் தள்ளி, மழை வந்தாலும் தண்ணீர் குளத்துக்கு வழியாத பாறை மேல், வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துக் காயவைப்பது. அதைத்தான் கவிதா போன வருஷமும் செய்தாள்.

கூடைகள் பாறைப் பக்கம் கிளம்பின. அண்ணி தண்ணீரிலிருந்து ஏறி ஓடிவந்தாள். ஈரப் புடவை காலில் தட்ட, முன்னால் போய் நின்றாள்.

"பாறைல வேணாம். அங்க ஆளுங்க நடப்பாங்க."

"நடந்தா இன்னா பெரியத்த? களைதான?"

"கால் படும்."

"பட்டா?"

அண்ணி முன்னால் வந்த கூடையின் விளிம்பைப் பிடித்து நிறுத்தினாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இன்னும் ஒரு கேள்வி வந்திருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

நான் புகுந்தேன். "அவ சொல்றதும் சரிதான். அம்மன் கொளத்துல மொளச்சது. சுத்தி முள்ளு வெச்சிக் காய வெப்போம். நல்லா சருகாயி, உசுரு இல்லன்னு தெரிஞ்சப்புறம் கோயில் நந்தவனத்துல பள்ளம் தோண்டி அரளிக்கும் சாமந்திக்கும் எருவா போட்டுடலாம். அந்தப் பூவ யாரும் தின்னப் போறதில்ல. அங்க யாரு காலும் படாது. அது குடுக்குற பூவு அம்மனுக்கே போவுது."

அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சடையைப் பிடித்துத் தூக்கிய நாளில் நான் அவளைப் பார்த்த பார்வை அது.

வடாமுக்குப் பக்கத்தில்

மீதி இருந்தது அண்ணியின் கொல்லைத் தொட்டி. அதில் ஒரு வேர் இருந்தாலும் குளத்தை வாரியதற்குப் பிரயோஜனம் இல்லை. அண்ணியோ, "இன்னிக்கி ஒரு பூ பூத்திருக்குது, அது வாடட்டும்" என்பாள். மறுநாள் இன்னொன்று பூத்திருக்கும். கடைசியில் நான் பூவை மட்டும் கிள்ளிச் சாமி படத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் வாரி என் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். தரையில் போட்டால் அண்ணி கோபிப்பாள். கயிற்றுக் கட்டிலைப் போட்டு அதன்மேல் பரப்பினேன். கவிதா வேலைக்குப் போன பிறகு பரப்புவது, அவள் பஸ் வருவதற்குள் சாக்கால் மூடுவது. தொட்டித் தண்ணீரையும் குளத்துப் பக்கம் விடாமல் வாழை மரத்துக்கு ஊற்றினோம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டுக்காரி அவள் மாடியிலிருந்து, "அது இன்னா வத்தல், புதுசா இருக்குது?" என்று கேட்டாள். "எங்க அண்ணி ஸ்பெஷல், சக்கர வியாதிக்கு நல்லது" என்று சொல்லிவிட்டேன். பக்குவம் கேட்டு அவள் பல நாள் விடவில்லை.

தண்ணீரில் அத்தனை குண்டாக இருந்த செடி, வெயிலில் ஊதுபத்திச் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு கூடைக்குப் பிடித்தது ஒரு கைக்குள் அடங்கியது. அண்ணி அதைத் துணியில் முடிந்து எடுத்துப்போய்த் தன் கையாலேயே நந்தவனத்துப் பள்ளத்தில் போட்டு மண்ணைத் தள்ளினாள்.

அதற்கப்புறமும் ஆடி வரைக்கும் தினம் விடிகாலையில் அண்ணி குளக்கரைக்குப் போய்வந்தாள். தலையில் கூடை இல்லை, கையில் ஒரு தொரட்டி. எங்காவது ஒரு குட்டிச் செடி தலை காட்டினால் இழுத்துவிடுவாள்.

ஆடியில் கரகம் குளத்திலிருந்து கிளம்பியது. பம்பைச் சத்தம் தண்ணீரில் பட்டு எதிர்க்கரையிலிருந்து திரும்பி வந்தது. அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! முதல் குடம் மொள்ள அண்ணியைத்தான் கூப்பிட்டார்கள். குனிந்தாள். முட்டி மடங்கிக் கால் வழுக்கியது. நான் சடையைப் பிடித்தேன். எலிவால் மாதிரி இருந்தாலும் தாங்கியது.

"வுட்றி, வலிக்குது" என்றாள்.

"அம்மன் தலைக்கு ஊத்த இருந்தா, நாந்தான் கெடுத்துட்டேன்" என்றேன்.

குடத்துத் தண்ணீரில் அவள் கண்ணீரும் கொஞ்சம் விழுந்திருக்கும். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பேனா நின்ற இடம்

இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டுக் கவிதாவைப் பார்த்தேன். எழுதிக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி வரியை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை வைத்தாள்.

"ஒரு நூல வுட்டுட்டீங்க அத்த."

"எந்த நூலு?"

"மஞ்ச நூலு. மொத கூடையிலயே என் கைல ஒண்ணு வந்துச்சு. பூக்கட்டுற முடிச்சு. பெரியத்த முடிச்ச எனக்குத் தெரியாதா? என் கல்யாண மாலையே அவங்க கட்டுனதுதான?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. என் வாய் அடைத்ததை என் வீட்டுக்காரர்கூடப் பார்த்ததில்லை.

"அப்ப மாடில வத்தல்?"

"கம்பெனி விட்டு வந்து துணி எடுக்க யாரு போவாங்க அத்த மாடிக்கு? சாக்கு மேல கல்லு வெக்காம வுட்டிருந்தீங்க. காத்துல பறக்குமேன்னு நாந்தான் வெச்சேன்."

"தெரிஞ்சும் ஏண்டி ஒரு வார்த்த கேக்கல? கைல மாட்டட்டும்னு குதிச்சியே?"

"மாட்டுனாங்கதான். இடுப்பளவு தண்ணில நின்னுக்கினு ஒரு எல வுடாம அரிச்சிக்கினு இருந்தாங்க. அதுக்கு மேல நான் இன்னா கேக்கறது?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணியின் குரல் வந்தது. காது மந்தமானாலும் தன்னைப் பற்றிய பேச்சு மட்டும் அவளுக்குச் சுவர் தாண்டிக் கேட்கும்.

"இன்னாடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு? பத்திரிகைக்கா எழுதுறீங்க?"

"ஆமா அண்ணி. நம்ம கொளத்த பத்தி."

அவள் சுவரை ஒட்டி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அதுல என் பேரு வருதா?"

நான் கவிதாவைப் பார்த்தேன். அவள் எழுதிய தாள்களை ஒருமுறை புரட்டினாள். ரெண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.

"வரவே இல்ல."